ஆங்கில வகுப்பில் இலக்கணமும் நாவலும்

அஸர்த் தொழுகை முடிந்து மஃரிப் வேளை நெருங்குவதற்குள், கல்முனைக் கரையோரத்துப் பிரதான வீதி வழியே செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமற் காண்பர். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலெல்லாம் தகரக் கொட்டகைகளில் மாணாக்கர் நெருங்கி அமர்ந்திருப்பர். முன்னே ஒரு கரும்பலகை. அதன் மீது ஆங்கில இலக்கண விதிகள். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுவது எவ்வாறு, நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவது எவ்வாறு என ஆசிரியர் சொல்லச் சொல்ல, மாணாக்கர் கொப்பியில் எழுதிக்கொள்வர். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்க நெருங்க இக்கொட்டகைகளில் இடம் போதாமற் போகும்.

அவ்வகுப்பில் முதலிடம் பெறும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். பூனை எலியைக் கொன்றது என்னும் வாக்கியத்தை, எலி பூனையாற் கொல்லப்பட்டது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் அவள் ஆங்கிலத்தில் மாற்றிவிடுவாள். ஆயினும், ஓர் ஆங்கிலக் கதை நூலின் முதற்பக்கத்தை அவளிடம் கொடுத்து, இதில் யார் என்ன செய்தார் என்று கேட்டால் மூன்றாம் வரியில் தயங்கி நின்றுவிடுவாள். மூன்றாம் வகுப்பில் தொடங்கிப் பதினோராம் வகுப்பு வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்றவள் அவள். இது அவளுடைய அறிவின் குறையன்று. ஒன்பது ஆண்டுகளில் தனித்தனி வாக்கியங்கள் ஆயிரக்கணக்கில் அவளுக்குத் தரப்பட்டன. முழுமையான கதை ஒன்றேனும் தரப்படவில்லை.

ஆங்கிலம் கற்பிப்போரிடையே இது குறித்து இரண்டு கட்சிகள் உண்டு. இலக்கணமே அத்திவாரம், அது இன்றி எழுப்பும் வீடு சாய்ந்துவிடும் என்பது ஒரு கட்சி. குழந்தை தாய்மொழியை இலக்கணம் படித்தா கற்றது, வாசிக்க விட்டால் மொழி தானே வரும் என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எந்தப் பிள்ளைக்கு, எத்தனை ஆண்டுக் கல்விக்கு, எந்தப் பயனுக்காக என்ற வினாக்களை எழுப்பாமல் இவ்வழக்கைத் தீர்க்க முடியாது.

இக்கரையோரத்துக்கு ஆங்கிலம் வந்த வரலாறு சிறிது நினைவுகூரத் தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெதடிஸ்த மிஷனார் கல்முனையில் ஆங்கிலக் கல்விக்கு வழி வகுத்தனர். அக்காலத்தில் நாடெங்கும் ஆங்கிலப் பாடசாலை என்பது கட்டணம் செலுத்தக் கூடியவருக்கே உரியதாக இருந்தது. 1892 இல் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இம்மண்ணில் ஆங்கிலம் கற்றவர். அவர் கற்ற ஆங்கிலம் பரீட்சையோடு முடிந்துவிடவில்லை. செகப்பிரியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தின் துணைகொண்டு ஆராய்ந்து ‘மதங்க சூளாமணி’யை அவர் எழுதினார், ஆங்கிலக் கவிஞரை ‘ஆங்கிலவாணி’ மூலம் தமிழருக்கு அறிமுகஞ் செய்தார். இலக்கணத்தை ஒரு கையிலும் இலக்கியத்தை மறு கையிலும் பற்றியவர் அவர். 1942 இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவருடன் நட்புப் பூண்டு பழகினார். வறிய முஸ்லிம் மாணவரின் உயர் கல்விக்கென 1945 இல் அஸீஸ் அவர்கள் ஒரு கல்விச் சகாய நிதியையும் தோற்றுவித்தார்.

அதே 1945 ஆம் ஆண்டில், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழியே படிப்படியாகப் போதனா மொழியாயிற்று. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பாடமாயிற்று. சிலருக்கு மட்டும் கிடைத்து வந்தது பலருக்கும் கிடைத்தமை பெரும் பேறாகும். எனினும் பரவிய அளவுக்கு அது மெலிந்தும் போனது. எல்லாரும் கற்கும் ஆங்கில மொழிப் பாடம் ஒன்று, இலக்கிய நயம் என்னும் விருப்பப் பாடம் மற்றொன்று என இரண்டும் பிரிந்தன. நாவல் இரண்டாவதன் பங்காயிற்று. வீட்டில் ஏற்கெனவே ஆங்கிலம் புழங்கும் பிள்ளைகளே பெரும்பாலும் அவ்விருப்பப் பாடத்தை நாடுகின்றனர். நாவல் யாருக்கு மிகவும் வேண்டுமோ அவர்களின் கையை அது எட்டுவதில்லை. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று பட்டப்பெயர் இட்டு அழைப்பதுண்டு. தம்மை வெட்டி ஒதுக்கும் கருவியாக அதனைக் கண்டதால் எழுந்த பெயர் அது. தமிழ் பேசும் மாணவருக்கும் அந்த வாளின் கூர்மை தெரியாததன்று.

இவ்விடத்தில் மைக்கேல் வெஸ்ட் என்னும் கல்வியாளரை எண்ணுதல் பொருந்தும். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிந்த அவர், வங்காளப் பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்து 1926 இல் இருமொழிக் கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அதில் அவர் எழுப்பிய வினா ஒரு வணிகனுடைய வினா போன்றது. காப்புறுதிப் பத்திரம் எடுத்த ஒருவன் இடையிலே பணம் கட்டுவதை நிறுத்திவிட்டால், அவனுக்குத் திரும்பக் கிடைப்பது எவ்வளவு என்று கணக்கிடுவர் அல்லவா? அவ்வாறே, ஆங்கிலக் கல்வியை இடையில் நிறுத்த நேரிடும் பிள்ளையின் கையில் மிஞ்சுவது யாது என்று அவர் கேட்டார். பிற்காலத்தில் பயன்படும் என்று சேர்த்து வைத்த விதிகள், அந்தப் பிற்காலம் வராவிடின் பயனற்றுப் போகின்றன. வாசிக்கும் ஆற்றல் அவ்வாறன்று. எவ்வளவு பெற்றானோ அவ்வளவும் அவனுக்கு உடனே பயன்படும். இதனை உணர்ந்த வெஸ்ட், புகழ் பெற்ற கதைகளை அளவான சொற்களில் மாற்றி எழுதிப் பாடநூல்களாக்கினார். ஆங்கிலத்தில் அதிகம் பயன்படும் ஏறத்தாழ 2000 சொற்களின் பட்டியல் ஒன்றையும் 1953 இல் வெளியிட்டார்.

வங்காளத்துக்கு அன்று பொருந்திய வினா கல்முனைக்கு இன்றும் பொருந்தும். பதினோராம் வகுப்போடு கடைக்குச் செல்பவன், வயலுக்குச் செல்பவன், கரைவலை இழுக்கச் செல்பவன், கட்டார் நாட்டுக்கோ சவூதிக்கோ விமானம் ஏறுபவன், மணமுடித்து வீட்டிலிருப்பவள் ஆகிய இவர்களே வகுப்பிற் பாதிக்கு மேற்பட்டோராக இருத்தலும் கூடும். ஐந்து ஆண்டுகள் கழிந்த பின் செயப்பாட்டு வினை விதி அவர்கள் நினைவில் இராது. ஒரு புத்தகத்தைத் தன்னந் தனியே முடித்த அனுபவமோ, அவர்கள் மீண்டும் ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கத் துணிவு தரும்.

அப்படியாயின் இலக்கணத்தைக் கைவிட்டுவிடலாமா என்றால், அதுவும் தவறு. தமிழ் பேசும் பிள்ளை ஆங்கிலக் கதையில் இடறி விழும் இடங்கள் சில உள. அவை பெரும்பாலும் இரண்டு மொழிகளின் அமைப்பும் வேறுபடும் இடங்களே. அங்கே ஆசிரியர் கைகொடுத்தல் வேண்டும்.

முதலாவது, பெயரை விளக்கும் தொடர். நேற்றுக் கடலுக்குப் போன மனிதன் என்று தமிழ் சொல்லும். விளக்கம் யாவும் முன்னே வந்து மனிதனிடத்தில் முடிகிறது. ஆங்கிலமோ மனிதனை முதலில் நிறுத்திவிட்டு, ‘ஹூ’ என்னும் சொல்லைத் தொடுத்து, அவன் நேற்றுக் கடலுக்குப் போனதைப் பின்னே சொல்லும். தமிழ்க் கண்ணோடு வாசிக்கும் பிள்ளை மனிதனைக் கண்டதும் அடுத்து வினைச்சொல்லை எதிர்பார்க்கிறது. இடையில் வரும் தொடரால் வழி தவறிவிடுகிறது. பெயரெச்சத்தை எடுத்துக்காட்டி, ஆங்கிலத்தில் அது பெயருக்குப் பின்னே போய் நிற்கிறது என்று ஒரு முறை விளக்கிவிட்டால், நீண்ட வாக்கியங்கள் பலவற்றின் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

இரண்டாவது, ‘எ’, ‘தி’ என்னும் சிறு சொற்கள். இவற்றுக்குரிய விதிகளை இருபது பிரிவாக எழுதிக் கொடுத்தாலும் பிள்ளைகள் குழம்பவே செய்வர். ஆனால் மூத்தம்மா சொன்ன கதை அவர்களுக்குத் தெரியும். ஒரு ஊரிலே ஒரு ராசா இருந்தான், அந்த ராசாவுக்கு ஒரு மகள் இருந்தாள் என்று அது தொடங்கும். முதலில் ஒரு ராசா. பின்னர் அந்த ராசா. கேட்பவர் அறியாதவரை ‘ஒரு’ என்றும், அறிந்த பின் ‘அந்த’ என்றும் சொல்லும் வழக்கம் தமிழ்க் கதையிலேயே இருக்கிறது. ஆங்கிலக் கதையின் முதற்பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் சொற்களைத் தேடச் சொன்னால், பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பர். தனி வாக்கியத்தில் விளங்காத இது கதையில் விளங்குவதற்குக் காரணம் உண்டு. அறிந்தது, அறியாதது என்னும் வேறுபாடு தனி வாக்கியத்தில் எழ இடமில்லை.

மூன்றாவது, அயற்கூற்று. இதற்கு ஒரு நாவலைத் துணை கொள்வது நலம். அண்மைக் காலத்தில் சாதாரண தரத்து இலக்கிய நயப் பாடத்துக்கு விதிக்கப்பட்ட நாவல்களுள், ஆர். கே. நாராயண் 1967 இல் வெளியிட்ட ‘தி வெண்டர் ஒஃப் ஸ்வீட்ஸ்’ ஒன்று. மால்குடி என்னும் கற்பனை ஊரில் இனிப்புக் கடை வைத்திருக்கும் ஜகன் என்பவருடைய கதை அது. மனைவியை இழந்தவர், காந்தியடிகளின் வழி நிற்பவர், ஒரே மகன் மாலி மீது உயிரையே வைத்திருப்பவர். ஆனால் மகனோடு நேருக்கு நேர் பேச அவரால் முடிவதில்லை. ஊருக்கெல்லாம் உறவினன் என்று அழைக்கப்படும் ஒருவன் இருவருக்கும் இடையிலே தூது செல்கிறான். மகன் அமெரிக்கா செல்ல முனைவது தந்தைக்கு அவ்வாறே தெரிய வருகிறது.

நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக என்று பரீட்சைத் தாள் கேட்பதை, இந்த உறவினன் அன்றாடம் செய்துகொண்டிருக்கிறான். மாலி ‘நான்’ என்றதை அவன் ‘அவன்’ என்று மாற்ற வேண்டும். ‘நாளை’ என்றதை ‘மறுநாள்’ என்று மாற்ற வேண்டும். நான் வரமாட்டேன் என்று சொன்னான் என்று தமிழ் சொல்லும்போது, ‘என்று’ என்னும் சொல் பேசியவன் வார்த்தையைச் சிதையாமல் அப்படியே கொண்டுவந்து வைத்துவிடும். ஆங்கிலம் அவ்வாறு வைப்பதில்லை. சொல்பவன் நிற்கும் இடத்திலிருந்து காலத்தையும் ஆளையும் திருப்பி அமைக்கிறது. அந்தத் திருப்பம் ஏன் வேண்டும் என்பது, தூது செல்பவனுடைய இக்கட்டைக் கண்ட பிள்ளைக்கு நன்கு புரியும். மகன் சொன்னதை முழுவதும் சொன்னானா, தந்தை மனம் நோகாதபடி எதையேனும் மறைத்தானா என்று வகுப்பில் கேட்டால், மாற்றம் பற்றிய பாடம் மனிதர் பற்றிய பாடமாகிவிடும்.

இக்கரையோரத்துப் பிள்ளைகளுக்கு அந்த வீடு அந்நியமானதன்று. வாப்பாவிடம் நேரே கேட்க அஞ்சி உம்மாவிடம் சொல்லிவிடும் மகன் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறான். வெளிநாடு சென்ற பிள்ளையின் சொல்லுக்காக ஜகன் காத்திருப்பதைப் போலவே, இங்கும் எத்தனையோ பெற்றோர் தொலைபேசியை நோக்கிக் காத்திருக்கின்றனர். நாராயண் 1906 இல் சென்னையில் தமிழ்க் குடும்பம் ஒன்றிற் பிறந்தவர். தாம் கண்ட வீட்டையும் கடையையும் எளிய ஆங்கிலத்தில் எழுதினார். வாழ்க்கை தெரிந்ததாகவும் மொழி மட்டும் புதியதாகவும் இருக்கும்போது, பிள்ளையின் சுமை பாதி குறைந்துவிடுகிறது. அதே வரிசையில் விதிக்கப்பட்ட மார்க் ட்வெயினின் ‘தி பிரின்ஸ் அன்ட் த போப்பர்’ 1881 இல் வெளிவந்த சிறந்த கதையே. எனினும் அதில் பதினாறாம் நூற்றாண்டு இலண்டனும் பழைய ஆங்கிலப் பேச்சும் ஒருங்கே வந்து, புதிதாக வாசிக்கத் தொடங்குபவரை மலைக்கச் செய்யும். ஆதலின் எந்த நாவல் என்பதையும் ஆசிரியர் எண்ணித் துணிதல் வேண்டும்.

இதை நாற்பது நிமிடப் பாடவேளையில் எவ்வாறு நடத்துவது? முதற் பதினைந்து நிமிடம் ஆசிரியர் உரத்து வாசிக்கலாம். பிள்ளைகள் புத்தகத்திற் கண்ணை ஓட்டியபடி கேட்கட்டும். அடுத்த பத்து நிமிடம் அவர்கள் மௌனமாக மேலே வாசிக்கட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்ட விடாது, யார், எங்கே, என்ன செய்தார், அடுத்து என்ன நேரும் என்று மட்டும் கேட்டல் போதும். பின் பத்து நிமிடத்தில், அன்று வாசித்த பக்கத்திலிருந்தே இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி ஓர் இலக்கணச் செய்தியை விளக்கலாம். ஒன்றே போதும், இரண்டாவது நாளைக்கு இருக்கட்டும். எஞ்சிய ஐந்து நிமிடத்தில், அதே அமைப்பைக் கொண்டு பிள்ளைகள் தத்தம் வீட்டைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதட்டும். பரீட்சை கேட்கும் இலக்கணம் யாவும் இவ்வழியில் ஓராண்டில் வந்து சேரும். விடுபட்டவற்றைத் தனியே கற்பிக்கத் தடையில்லை.

வாசிப்பால் மொழி வளரும் என்பது வெறும் நம்பிக்கையன்று. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்னும் ஆய்வாளர் இருவர் பீஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தனர். புத்தகமே அரிதாயிருந்த வகுப்புகளுக்குத் தலா 250 ஆங்கிலக் கதை நூல்கள் வழங்கப்பட்டன. வழக்கமான மொழிப் பயிற்சி பெற்ற வகுப்புகளோடு இவை ஒப்பிடப்பட்டன. எட்டு மாதங்களின் பின், கதை வாசித்த பிள்ளைகள் வாசித்து விளங்குவதிலும் கேட்டு விளங்குவதிலும் வழக்கமான வேகத்தைப் போல் இருமடங்கு முன்னேறியிருந்தனர். இருபது மாதங்களின் பின் அந்த முன்னேற்றம் மொழியின் ஏனைய திறன்களுக்கும் பரவியிருந்தது. 1983 இல் இவ்வாய்வு வெளிவந்தது. பின்னர் எல்லியும் அவருடைய சகாக்களும் சிங்கப்பூர், இலங்கை, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளிலிருந்தும் இத்தகைய சான்றுகளைத் திரட்டி 1996 இல் வெளியிட்டனர். இந்நாட்டுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

பெற்றோர் சிலர் நாவல் என்றதும் முகம் சுளிப்பர். கதைப் புத்தகம் படிப்பது காலத்தை வீணாக்குவது என்பர். பிள்ளை கெட்டுவிடும் என்று அஞ்சுவோரும் உளர். அவர்களுடைய அச்சத்தை இகழ்தல் கூடாது. நல்ல நூலைத் தெரிந்து கொடுக்க வேண்டிய பொறுப்பை அது ஆசிரியருக்கு நினைவூட்டுகிறது. அதே வேளையில், கதை இச்சமூகத்துக்குப் புதியதன்று என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். சீறாப்புராணத்தையும் கிஸ்ஸாக்களையும் ஒருவர் வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டது தமிழ் முஸ்லிம்களின் பழைய வழக்கம். வகுப்பில் உரத்து வாசித்தல் அதன் தொடர்ச்சியே. இலங்கைத் தமிழில் எழுந்த முதல் நாவலாகிய ‘அசன்பே சரித்திரம்’ 1885 இல் வெளிவந்தது. அதனை எழுதியவர் கண்டியில் வாழ்ந்த எம். சி. சித்திலெப்பை. 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, முஸ்லிம்கள் ஆங்கிலமும் கற்றல் வேண்டும் என்று ஓயாது வற்புறுத்திய பெரியார் அவர். அரபு இலக்கணம் பற்றியும் அவர் நூல் எழுதினார். நாவல் எழுதிய அதே கை இலக்கண நூலும் எழுதிற்று. இரண்டும் பகை என்று அவர் கருதவில்லை.

இலக்கியம் தோன்றிய பின்னரே அதிலிருந்து இலக்கணம் வகுக்கப்படும் என்பது தமிழ்ப் புலவர் கொள்கை. எள் இல்லாமல் எண்ணெய் ஏது? ஆங்கில வகுப்பில் மட்டும் எள்ளைக் காட்டாமலே எண்ணெயைப் பங்கிட முயல்வது எவ்வாறு நிறைவேறும்?

புத்தகங்களுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது பிரதி வாங்க எல்லாப் பாடசாலையாலும் இயலாது. இருவருக்கு ஒன்றாக இருபது பிரதி போதும். ஆண்டுதோறும் அவை அடுத்த வகுப்புக்குக் கைமாறலாம். சுருக்கி எழுதப்பட்ட சிறு கதை நூல்கள் ஐம்பதை ஒரு பெட்டியில் இட்டு வகுப்பு மூலையில் வைத்தால், அதுவே நூலகம். ஒக்டோபர் மாதம் தோறும் தேசிய வாசிப்பு மாதம் கொண்டாடப்படுகிறது. அம்மாதத்தில் பதாகை கட்டி ஊர்வலம் போவதோடு, பழைய மாணவரும் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் வர்த்தகரும் ஆளுக்கொரு புத்தகம் அப்பெட்டியில் இடுவார்களாயின், மறு ஒக்டோபர் வரை அதன் பயன் நீடிக்கும்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டிலேயே பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இக்கரையோரத்துப் பிள்ளைகள் நெடுந்தூரம் போகாமலே உயர் கல்வி பெறலாம் என்று பெற்றோர் மகிழ்ந்தனர். ஆயினும் அங்கே விஞ்ஞானமும் பொறியியலும் கற்கப் புகும் மாணவி முதல் நாளே எதிர்கொள்வது, பக்கம் பக்கமாக ஆங்கிலம். விதிகளை மட்டும் அறிந்தவள் அந்தப் பக்கத்தின் முன் திகைத்து நிற்பாள். ஒரு நாவலையேனும் முதலிலிருந்து முடிவு வரை வாசித்தவளோ, தெரியாத சொல்லைக் கண்டு கலங்காமல் அடுத்த வரிக்குச் செல்லப் பழகியிருப்பாள்.

மருதமுனையில் தறி முன் அமர்ந்திருக்கும் நெசவாளரைக் கண்டவர் இதை எளிதில் உணர்வர். பாவு நூலை நீளவாக்கில் இழுத்துக் கட்டாமல் நெய்ய முடியாது. ஆனால் பாவு மட்டும் கட்டி வைத்த தறியிலிருந்து ஒரு முழத் துணியும் வருவதில்லை. குறுக்கே ஊடை ஓட வேண்டும். இலக்கணத்தைப் பாவாக ஒன்பது ஆண்டுகள் இறுகக் கட்டிவிட்டு, கதையாகிய ஊடையை ஓட்டாமலே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் மாறுதல் வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. வாரத்தில் இரண்டு பாடவேளையும், ஒரு பெட்டி புத்தகமும், உரத்து வாசிக்க விரும்பும் ஓர் ஆசிரியரும் போதும்.